ஆர்கேடா, தீம் பார்க்கா? ஆர்கேட் அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் ஐயா அவர்களுக்கும், அவையோருக்கும், எதிர் வரிசையில் பாதுகாப்புக் கம்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம்.

சிறுவயது நினைவில் ஆழமாக நிற்பது எது, காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டிகள் வரிசையாக நின்ற ஆர்கேடா, தீம் பார்க்கா என்பதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் தீம் பார்க்குக்காகப் பேசிய அம்மா மூன்று விஷயங்களை வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்று, ரோலர் கோஸ்டர் இறங்கும்போது அடிவயிறு தொண்டைக்கு வந்ததே, அதை உடம்பு ஒருநாளும் மறக்காது. இரண்டு, பார்க்குக்குக் குடும்பமே சேர்ந்து போகும். ஆர்கேடுக்குப் பிள்ளைகள் வீட்டுக்குத் தெரியாமல் போவார்கள். மூன்று, ஆர்கேட் என்பது மூன்று நிமிடத்துக்கு ஒரு காசு பிடுங்கும் இருட்டறை. நல்ல கைதட்டல் கிடைத்தது. கிடைக்கட்டும், பேசியது நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஐயா, இன்றைய கேள்வி எது பெரிய குதூகலம் என்பது இல்லை. சிறுவயது நினைவில் எது ஆழமாக நிற்கிறது என்பது. பார்க்கில் நடந்ததெல்லாம் அந்தப் பிள்ளைக்கு யாரோ நடத்திக் காட்டியது. ஆர்கேடில் நடந்ததைப் பிள்ளையே நடத்தியது. எங்கள் கட்சி இவ்வளவுதான். இனி சாட்சிகளைக் கூப்பிடுகிறேன்.

எதிரணியின் பெரிய சாட்சியையே முதலில் கூண்டில் ஏற்றுவோம். ரோலர் கோஸ்டர் மேலே ஏறும்போது "டக் டக் டக்" என்று ஒரு சத்தம் வருமே, அது சங்கிலியின் சத்தம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏற்றம் முழுக்க ரம்பம் போலப் பல் வைத்த ஒரு இரும்புப் பட்டை இருக்கும். வண்டியின் அடியில் தொங்கும் கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழுகிறது. சங்கிலியே அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் அந்தப் பல்லில் மாட்டி நிற்கும். சக்கரத்தில் மூன்று வகை உண்டு. மேலே எடை தாங்கி ஓடுவது ஒன்று. பக்கவாட்டில் அணைத்து ஓடுவது ஒன்று. தண்டவாளத்துக்கு அடியில் ஒட்டி ஓடுவது இன்னொன்று. இந்த அடிச்சக்கரத்துக்கு 1919-ல் ஜான் மில்லர் காப்புரிமை வாங்கினார். முகட்டில் வண்டி எகிறிப் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அந்த அம்மா சொன்ன "தொண்டைக்கு வந்த வயிறு" பாதுகாப்பாக வந்துபோனது அந்தச் சின்னச் சக்கரத்தால். தலைகீழ் வளையம் ஏன் முழு வட்டமாக இல்லாமல் நீர்த்துளி போல மேலே குறுகி இருக்கிறது? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முழு வட்டமாகவே கட்டிப் பார்த்தார்கள். வளையத்துக்குள் நுழையும் இடத்தில் கழுத்து ஒடிகிற மாதிரி அழுத்தியது. 1976-ல் கலிஃபோர்னியாவில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டரில் நீர்த்துளி வடிவம் வந்தது. அதன்பிறகுதான் வளையம் உலகம் முழுக்கப் பரவியது.

அருமையான பொறியியல். தலைவணங்குகிறேன். ஆனால் இத்தனை பொறியியலும் எதற்காக? முதல் சுற்றில் ஏறினவருக்கும் ஆயிரமாவது சுற்றில் ஏறினவருக்கும் ஒரே பயணம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டிக்கு மேல் நுழையாதபடி கணினி பார்த்துக்கொள்கிறது. ஏறியவருக்கு அங்கே எந்த வேலையும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டாலும் வண்டி போகும், தூங்கினாலும் போகும். பிள்ளை அலறலாம், கையைத் தூக்கலாம். அந்த இரண்டினாலும் வண்டி ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது.

வரிசைக் கணக்கையும் போட்டுவிடுவோம். 24 இருக்கை உள்ள வண்டி ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 40 வண்டி, 960 பேர். முன்னால் 480 பேர் நிற்கிறார்கள் என்றால் அரை மணி நேரம். பயணம் இரண்டு நிமிடம். சனி ஞாயிறில் முன்னால் நிற்பது 480 பேரோடு முடிவதும் இல்லை. ஒரு இருக்கையின் பூட்டு சரியாக விழவில்லை என்றால் பணியாளர் திரும்ப வந்து அத்தனை இருக்கையையும் சோதிப்பார், ஒன்றரை நிமிடம் மூன்று நிமிடம் ஆகும், வரிசை இன்னும் நீளும். ஒருநாள் முழுக்கப் பார்க்கில் இருந்த பிள்ளையின் நினைவில் உண்மையில் நேரப்படி அதிகம் இருக்க வேண்டியது முன்னால் நின்றவரின் முதுகு.

வாசலில் ஒரு அளவுகோல் இருக்கும். 120 சென்டிமீட்டர். 118 இருக்கும் பிள்ளை குதிகாலைத் தூக்கி நிற்கும். பணியாளர் குதிகாலைத்தான் முதலில் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மடிமேல் விழும் கம்பி தொடையிலும் இடுப்பிலும் சரியான இடத்தில் உட்கார வேண்டுமே. ஆனால் ஆர்கேடில் அளவுகோல் கிடையாது ஐயா. எட்டவில்லை என்றால் ஒரு முக்காலி. முக்காலி இல்லையென்றால் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் ஏறி நின்று ஆறு வயதுப் பிள்ளை இருபது வயது அண்ணனைத் தோற்கடித்தால், அந்த அண்ணன் நகர்ந்து இடம் விட்டே ஆக வேண்டும்.

இப்போது எங்கள் சாட்சிகள். 1978-ல் டைட்டோ நிறுவனத்தில் தொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ். வரிசைக்கு 11 பேர், 5 வரிசை, மொத்தம் 55 எதிரிகள் கீழே இறங்கி வருவார்கள். அந்தக் காலத்துச் சிப் மெதுவானது. திரை ஒருமுறை புதுப்பிக்கும் நேரத்தில், அதாவது நொடியில் 60-ல் ஒரு பங்கில், ஒரே ஒரு உருவத்தைத்தான் நகர்த்தும். 55 பேரும் இருக்கையில் படை முழுக்க ஒரு அடி வைக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி. பாதிப் பேரைச் சுட்டு வீழ்த்திவிட்டால் அரை நொடி. கடைசியில் மிஞ்சிய ஒரே ஆள் நொடிக்கு 60 அடி வைத்துப் பாய்வான். கூடவே "தும் தும் தும் தும்" என்று நான்கு சுரம், அதுவும் வேகம் எடுக்கும். கோஸ்டரின் வேகம் மலையின் உயரத்திலிருந்து வருகிறது. இங்கே வேகத்தை ஏற்றியது பிள்ளையின் குறி. நன்றாகச் சுடச் சுட ஆபத்து கூடிக்கொண்டே போகும்.

அதே ஆட்டத்தில் மேலே அவ்வப்போது ஒரு பறக்கும் தட்டு குறுக்கே போகும். சுட்டால் சிலசமயம் 50, சிலசமயம் 100, 150, எப்போதாவது 300. அதிர்ஷ்டம் என்றுதான் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் நிரல், தொடக்கத்திலிருந்து எத்தனை குண்டு சுடப்பட்டது என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. 23-வது குண்டு தட்டில் பட்டால் 300. அதன்பிறகு ஒவ்வொரு 15-வது குண்டுக்கும் 300. இதை யாரும் பெட்டியின்மேல் எழுதி ஒட்டவில்லை. பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள், வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுட்டார்கள், அடுத்த பிள்ளைக்குக் காதில் சொன்னார்கள். பதற்றத்தில் ஒரு குண்டு கூடுதலாகப் போனால் கணக்கு தப்பும். தட்டு விழும், 300 விழாது. அந்த எண்ணிக்கையைப் பழகினவரை இன்று நாற்பது ஆண்டு கழித்து எழுப்பிக் கேளுங்கள், 23, 38, 53 என்று சொல்வார். கோஸ்டரில் ஏறினவரிடம் எத்தனை திருப்பம் என்று கேளுங்கள். "நிறைய" என்பார்.

அடுத்த சாட்சிக்கு நேரம் கூடுதலாக வேண்டும் ஐயா, ஏனென்றால் எங்கள் வழக்கே இதில்தான் நிற்கிறது. 1980, நாம்கோ நிறுவனம், அங்கே டோரு இவாடானி உருவாக்கிய பேக்-மேன். புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் ஒரு வாய், அதைத் துரத்தும் நான்கு பேய், 244 புள்ளிகள். அதில் 240 சின்னவை, 4 பெரியவை. பார்க்கிற பெரியவர்களுக்கு நான்கு பேயும் கண்டபடி துரத்துவது போல இருக்கும். கிடையாது. நான்குக்கும் நான்கு குணம். சிவப்புப் பேய் நேராக வாயைத்தான் குறிவைக்கும். இளஞ்சிவப்பு, வாய் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கும். நீலம் கொஞ்சம் சூழ்ச்சிக்காரன்: வாய்க்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு இடம், சிவப்பிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டை இரட்டிப்பாக நீட்டினால் எங்கே போய் விழுமோ அதுதான் அவன் குறி. ஆரஞ்சு ஒரு கோழை. எட்டு கட்டத்துக்கு வெளியே இருக்கும்வரை துரத்தும், அதற்குள் வந்துவிட்டால் தன் மூலைக்கு ஓடும்.

இதிலும் ஒரு பிழை உண்டு. வாய் மேல்நோக்கிப் போகும்போது மட்டும் இளஞ்சிவப்புப் பேயின் கணக்கு தவறி, நான்கு கட்டம் மேலே என்பதோடு நான்கு கட்டம் இடப்பக்கமும் சேர்ந்துவிடும். நிரலில் நடந்த பிசகு. பிள்ளைகளுக்கு நிரல் தெரியாது. ஆனால் மேலே பார்த்துப் போனால் அந்தப் பேய் வழி தவறும் என்று கட்டைவிரலுக்குத் தெரியும்.

வேகக் கணக்கு இன்னும் அழகு. முதல் மட்டத்தில் வெறும் பாதையில் வாயின் வேகம் 80 என்று வைத்துக்கொண்டால் பேயின் வேகம் 75. புள்ளி தின்றுகொண்டே போனால் வாயின் வேகம் 71. காரணம், ஒவ்வொரு புள்ளிக்கும் நொடியில் 60-ல் ஒரு பங்கு வாய் நின்று போகிறது. ஆக, தின்னும்போது பேய் நெருங்கும், தின்று முடித்த பாதையில் ஓடினால் விலகும். பக்கவாட்டுச் சுரங்கத்துக்குள் பேயின் வேகம் 40-க்கு இறங்கும். ஆபத்து வந்தால் வெற்றுப்பாதையைப் பிடி, சுரங்கத்துக்குள் நுழை, வளைவில் கொஞ்சம் முன்கூட்டியே ஜாய்ஸ்டிக் கம்பியைத் திருப்பு. வாய் மூலையை வெட்டிக்கொண்டு போகும், பேய்க்கு அப்படி வெட்டத் தெரியாது. இதையெல்லாம் பத்து வயதுப் பிள்ளை தானே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டது. எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை, எந்தப் பரீட்சையும் வைக்கவில்லை.

முதல் மட்டத்தில் 7 நொடி பேய்கள் தத்தம் மூலைக்குப் போகும், 20 நொடி துரத்தும், மறுபடி 7, 20, பிறகு 5, 20, 5, அதன்பின் ஓயாத துரத்தல். மாறுகிற நொடியில் பேய்கள் சட்டென்று திரும்பும், அதுதான் அடையாளம். வாய் பெரிய புள்ளியைத் தின்றதும் நான்கு பேயும் நீலமாகிப் பயந்து ஓடும், அப்போது மட்டும் கண்டபடி திரும்பும். அதிலும் ஒரு சூட்சுமம்: கண்டபடி என்பதற்கான எண் வரிசையே ஒவ்வொரு மட்டத்தின் தொடக்கத்திலும் பழைய இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆகவே ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரித் திருப்பினால் நான்கு பேயும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் வரும். பாதையைப் பாடமாகப் பண்ணிவிட்டால் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டுகூட ஆடலாம்.

"அப்படியென்றால் அதுவும் தண்டவாளம்தானே" என்று எதிரணித் தலைவர் முணுமுணுப்பது கேட்கிறது. நல்ல கேள்வி. தண்டவாளம்தான் ஐயா, ஆனால் அதைப் போட்டது பிள்ளை. ஒரு திருப்பத்தில் நொடியின் சின்னப் பங்கு தாமதித்தாலும் பேய்கள் வேறு வழியில் வரும், அந்தக் கணமே பாடம் செல்லாது. அங்கிருந்து சொந்த புத்தியில்தான் தப்ப வேண்டும். பாடமும் வேண்டும், பாடம் உடைந்தபின் சமாளிக்கவும் தெரிய வேண்டும். பார்க்கில் பாடம் உடைந்தால் வண்டியை நிறுத்தி ஏணி வைத்து இறக்கிவிடுவார்கள்.

இப்போது அந்த அம்மாவின் மூன்றாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன், காசு. மூன்று நிமிடத்தில் ஆட்டம் முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பெட்டிகளைச் செய்தார்கள். ஒத்துக்கொள்கிறேன். 1972-ல் அமெரிக்காவின் சன்னிவேலில் ஒரு மதுக்கூடத்தில் அட்டாரி நிறுவனம் தன் முதல் பாங் ஆட்டப் பெட்டியைச் சோதனைக்கு வைத்தபோது, பெட்டி பழுது என்று சொல்லி அழைத்தார்கள். போய்த் திறந்து பார்த்தால் பழுதே இல்லை, காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் எதிரணி ஒன்றை மறந்துவிட்டது. வாடிக்கையாளர் தேறத் தேறக் கடைக்காரருக்கு நட்டம் வருகிற வியாபாரம் உலகத்தில் எத்தனை உண்டு? ஆர்கேட் அப்படி. ஆடத் தெரியாதவர் ஒரு மணி நேரத்தில் இருபது காசு போடுவார். தெரிந்த பிள்ளை ஒரே காசில் அந்த ஒரு மணி நேரத்தையும் ஓட்டிவிடும். கடைக்காரர் பின்னால் நின்று பெருமூச்சு விடுவார், பெட்டியைப் பிடுங்க முடியாது.

அவரும் சும்மா இருக்கவில்லை. பெட்டியைத் திறந்தால் சர்க்யூட் பலகையில் நகக்கண் அளவில் வரிசையாகச் சின்ன ஸ்விட்சுகள் இருக்கும், டிப் ஸ்விட்ச் என்பார்கள். பேக்-மேனில் உயிர் 1, 2, 3 அல்லது 5 என்று அதில் வைக்கலாம். கூடுதல் உயிர் 10,000 புள்ளிக்கா, 15,000-க்கா, 20,000-க்கா, அல்லது அறவே கிடையாதா என்பதும் அதில்தான். ஒரு வாரம் கழித்து வரும் பிள்ளை முதல் ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடும்: "உயிரைக் குறைச்சிட்டாங்க!" ஸ்விட்ச் போதவில்லை என்றதும் கூடுதல் பலகைகள் சந்தைக்கு வந்தன. ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற சின்ன நிறுவனம் அட்டாரியின் மிசைல் கமாண்ட் ஆட்டத்தைக் கடினமாக்க ஒரு பலகை விற்றது, அட்டாரி வழக்குப் போட்டது, சமரசத்தில் முடிந்தது. அதே நிறுவனம் பேக்-மேனுக்கும் ஒன்று செய்தது. அதை மிட்வே என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டு 1982-ல் மிஸ் பேக்-மேன் என்று வெளியிட்டது. ஒரு சுவர்ப்பாதைக்குப் பதில் நான்கு. தொடக்கத்தில் மூலைக்குப் போகும் நேரத்தில் பேய்களின் திருப்பத்தில் தற்செயல் சேர்த்தார்கள். ஏன்? மனப்பாடம் செல்லாமல் போக வேண்டும் என்பதற்காக. பிள்ளைகள் கற்றுக்கொண்ட வேகத்துக்கு ஈடுகொடுக்க ஒரு தொழிலே புதுப் பெட்டி செய்ய வேண்டியிருந்தது. தீம் பார்க் வரலாற்றில், "குழந்தைகள் மிக நன்றாகச் சவாரி செய்கிறார்கள், தண்டவாளத்தை மாற்றுங்கள்" என்று யாராவது உத்தரவு போட்டதுண்டா?

பொம்மை பிடிக்கும் பெட்டியை எதிரணி இன்னும் எடுக்கவில்லை, எடுப்பார்கள். நானே சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நகம் இறங்கிப் பொம்மையைத் தொட்டு, தூக்குகிற மாதிரி தூக்கி, நழுவவிடும். நகத்தின் பிடி மின்சுருளுக்குப் போகும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை முழுப்பிடி கொடுக்க வேண்டும் என்று பல பெட்டிகளில் உள்ளே அமைத்துவைக்கலாம். திறமைக்கு அங்கே பாதி மதிப்புதான். அது எங்கள் தரப்பின் அழுக்கு, மறைக்கவில்லை. ஆனால் அதே பெட்டி பார்க் வாசலிலும் நிற்கிறது, நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கை. உடம்பு மறக்காது என்றார்களே, எந்த உடம்பு? வயிறு ஒரு நொடி குலுங்கியதை மறக்காதாம். ஆயிரம் முறை பழகிய விரல் மட்டும் மறந்துவிடுமா? ஜாய்ஸ்டிக்கின் அடியில் நான்கு மைக்ரோஸ்விட்ச், மேலே கீழே இடம் வலம். மூலைவாட்டில் தள்ளினால் இரண்டு ஒன்றாக அழுங்கும். பேக்-மேனுக்கு மூலைவாட்டம் கூடாது. அதனால் கம்பியின் அடியில் நான்கு திசைக்கு மட்டும் வழிவிடும் தடுப்புத் தகடு போட்டிருப்பார்கள். அந்தத் தகடு தேய்ந்தாலோ, பழுது பார்த்தவர் எட்டுத் திசைக் கம்பியை மாட்டிவிட்டாலோ, வலதுக்குத் திருப்பும்போது மேலேயும் சேர்ந்து அழுங்கும், வாய் வளைவைத் தவறவிடும், பேய் பிடிக்கும். "நான் சரியாத்தான் திருப்பினேன்" என்று பிள்ளை சொன்னால் பல சமயம் அது உண்மை.

1991-ல் காப்காம் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை ஆட்டம் வந்தது. ஆறு பொத்தான், மூன்று குத்துக்கு, மூன்று உதைக்கு. கீழே, கீழ்மூலை, முன்னால் என்று கம்பியைக் கால்வட்டம் உருட்டி, முன்னால் தொடும் கணத்தில் குத்துப் பொத்தானை அழுத்தினால் நெருப்புப் பந்து. கீழ்மூலை தவறினால் வெறும் குத்து. முதலில் முன்னால், பிறகு கீழே, கடைசியாகக் கீழ்மூலை என்றால் மேலெழும் குத்து. இது வலதுபக்கம் பார்த்து நிற்கும்போது. எதிராளி தலைக்குமேல் தாண்டிக் குதித்துவிட்டால் எல்லாமே இடவலம் மாறும், கண நேரத்தில் கை கண்ணாடி பார்த்தது போல மாற்றிச் செய்ய வேண்டும். அடிக்குள் அடி கோக்கும் காம்போ, வடிவமைத்தவர்கள் திட்டமிட்டு வைத்ததுகூட இல்லை. சோதனையில் தெரியவந்தபோது அப்படியே விட்டுவைத்தார்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் வளர்த்தார்கள்.

பெட்டியின் நோவுகூட அவர்களுக்கு அத்துப்படி. காசு போடும் துளைக்குள் காசு ஒரு சரிவில் உருண்டு, ஒரு காந்தத்தைக் கடந்து, ஒரு இடைவெளியைத் தாண்டி விழ வேண்டும். உலோகம் காந்தத்தைக் கடக்கும்போது வேகம் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதை வைத்துத்தான் அசல் காசா, போலித் தகடா என்று பெட்டி பிரிக்கிறது. பிசுபிசுப்பான காசு மெதுவாக உருண்டால் அசலே போலியாகி வெளியே வந்துவிடும். காசைச் சட்டையில் துடைத்துப் போட்டால் விழுகிறது என்று பிள்ளைகள் நம்பினார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகள் சொன்னதில்தான் இயற்பியல் இருந்தது.

குடும்பம் என்றார்கள். பார்க்கில் குடும்பம் என்பது, யார் எதில் ஏறுவது என்று வரைபடத்தை விரித்துச் சண்டை போடுவது, அப்புறம் பைகளைக் காவல் காக்க ஒருவர் கீழே நிற்பது. நினைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைக்குச் சமூகம் என்று ஒன்று வெளியே முதலில் கிடைத்தது எங்கே? திரைக்குக் கீழே கண்ணாடி விளிம்பில் ஒரு காசை வைத்தால் அடுத்த ஆட்டம் என்னுடையது என்று பொருள். அதற்கடுத்த காசு அதற்கடுத்தவருக்கு. டோக்கன் இல்லை, காவலர் இல்லை, கயிறு கட்டவில்லை. முன்பின் தெரியாதவர்கள், வயது வித்தியாசம் பார்க்காமல், அந்த வரிசைக்குக் கட்டுப்பட்டார்கள். ஜெயித்தவர் நிற்பார், தோற்றவர் போவார். பின்னால் நின்று பார்ப்பவர்கள் பாதி ஆட்டத்தை அங்கேயே கற்றார்கள், ஒரு காசும் செலவில்லாமல். பார்க்கில் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று கோஸ்டரைப் பார்த்துக் கற்க ஏதாவது உண்டா?

பெயரும் உண்டு ஐயா. அதிகப் புள்ளி எடுத்தால் மூன்று எழுத்து பதிக்கலாம். 1979-ல் வந்த அஸ்டராய்ட்ஸ் பெட்டியில் அதற்காகவே கூட்டம் நின்றது. ஆனால் பல பெட்டிகளில் அந்தப் பட்டியல் மின்சாரம் இருக்கும்வரைதான் இருக்கும். இரவு கடையைச் சாத்தி ஸ்விட்சை அணைத்தால் காலையில் தொழிற்சாலைப் பட்டியல்தான் மறுபடி. சென்டிபீட் போன்ற சிலவற்றில் மட்டும் முதல் மூன்று பெயரை ஒரு தனிச் சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான்காவது இடம் எடுத்த பிள்ளைக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் அநீதி.

வேகமும் சுழற்சியும்தான் நினைவை உண்டாக்கும் என்று எதிரணி இன்னும் பிடிவாதம் பிடித்தால், 1990-களின் தொடக்கத்தில் சேகா நிறுவனம் வைத்த ஆர்360 பெட்டியைக் காட்டுகிறேன். ஆடுபவரை இருக்கையில் கட்டி, எந்தப் பக்கமும் முழுச் சுற்றுச் சுற்றும், தலைகீழாகவும் நிற்கும். எப்போது தலைகீழாக வேண்டும் என்று முடிவு செய்தது பிள்ளையின் கையில் இருந்த கம்பி. வயிறும் தொண்டைக்கு வந்தது. வரவழைத்ததும் அதே பிள்ளைதான்.

கடைசியாக ஒன்று. "ஆர்கேடெல்லாம் மூடிப்போச்சு, பார்க் இன்னும் இருக்கு" என்று எதிரணியில் இன்னொருவர் சொன்னார். பாதி சரி. பெட்டிகள் செத்தன. படக்குழாய்த் திரையில் ஒரே சுவர்ப்பாதை ஆண்டுக்கணக்கில் எரிந்து தழும்பாகியது, அணைத்தாலும் தெரியும். மின்தேக்கிகள் உலர்ந்து படம் ஓரத்தில் சுருங்கியது. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4.7 வந்து, ஆட்டத்தின் நடுவே பெட்டி மறுபடி முதலிலிருந்து எழுந்தது. 1993-ல் வந்த காப்காமின் சிபிஎஸ்-2 பலகையில் ஒரு பேட்டரி தீர்ந்தால் நிரலைத் திறக்கும் சாவியே அழிந்து, பெட்டி தானாகச் செத்தது. ஆனால் உள்ளே இருந்த நிரலை ஆர்வலர்கள் சிப்பிலிருந்து எடுத்துக் காப்பாற்றினார்கள். மாமே என்ற மென்பொருள் 1997 முதல் அவற்றைக் கணினியில் ஓட்டுகிறது. 139 மீட்டர் உயரம் நின்ற கிங்டா கா கோஸ்டரை 2025-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதில் ஏறிய பிள்ளைக்கு இனி காணொளிதான்.

பேக்-மேன் பழகினவர் இன்றே சோதித்துப் பார்க்கலாம். கம்பியை நான்கு திசைக்குப் பூட்டுங்கள். மாமேயின் டிப் ஸ்விட்ச் பட்டியலில் உயிர் 3, கூடுதல் உயிர் 10,000 என்று வையுங்கள். தொலைக்காட்சியாக இருந்தால் படத்தை மெருகேற்றும் வசதிகளை அணைத்து விளையாட்டு நிலைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் படம் சில பங்கு நொடி பிந்தி வரும், பழைய பாதை முதல் மூலையிலேயே உடையும். அதற்குக் கையைத் திட்டக் கூடாது. திரை சரியாக இருந்தால் பெரும்பாலும் மூன்றாவது நான்காவது ஆட்டத்துக்குள் விரல் பழைய திருப்பத்தை எடுத்துவிடும், சிவப்புப் பேய் அப்போது வந்த அதே மூலையில் வந்து நிற்கும்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார்கள். எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வியை விட்டுப் போகிறேன்: முதல் முறை ஏறிய கோஸ்டருக்கும் ஐம்பதாவது முறை ஏறிய கோஸ்டருக்கும் நடுவில் அந்தப் பிள்ளை எதில் தேறியது என்று மட்டும் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள். வணக்கம்.